புளிப்பும் இனிப்பும் பன்றியூனும்: மும்பைத் தமிழர் உணவு வரலாற்றில் எழுதப்படாத ஓர் இயல்

முன்னுரை

உணவு வரலாறு என்பது உணவுப் பொருள்களின் வரலாறு மட்டுமன்று. உண்டவர் யார், உண்ண மறுத்தவர் யார், சமைத்ததை எழுதி வைத்தவர் யார், எழுதாது விடப்பட்டவர் யார் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கும். தமிழர் உணவு பற்றி வெளிவந்துள்ள நூல்களை நோக்கினால், சோறு, குழம்பு, சிற்றுண்டி ஆகியவை பற்றிய செய்திகள் மிகுதியாகவும், இறைச்சி பற்றிய செய்திகள் குறைவாகவும் காணப்படுகின்றன. இறைச்சியுள்ளும் பன்றியிறைச்சி ஏறத்தாழ முற்றிலும் விடுபட்டிருக்கிறது. ஆயினும் பன்றியூன் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய அடுக்கிலேயே விருந்துணவாக இடம்பெற்றுள்ளது.

கொழுப்பு மிக்க பன்றியூனைப் புளிப்பும் இனிப்பும் கலந்த பழச்சாற்றோடு சேர்த்துச் சமைப்பது உலகின் பல பகுதிகளில் காணப்படும் முறையாகும். ஆங்கிலேயர் ஆப்பிள் கூழையும், தென்சீனத்தவர் காடியும் சருக்கரையும் கலந்த பாகையும், குடகர் கச்சம்புளியையும், கொங்கணத்தார் கோகத்தையும் தென்னங்கள் காடியையும் இதற்குப் பயன்படுத்துகின்றனர். விலா எலும்போடு சேர்த்து வெட்டிய துண்டங்களின்மீது பழப்பாகு பூசி வாட்டும் இன்றைய உணவக முறை இவ்வகையின் ஒரு கிளையேயாகும். இச்சுவைக் கூட்டு தமிழ் மரபில் எவ்வடிவில் இருந்தது, மும்பையில் வேறு மரபுகளோடு எங்ஙனம் சந்தித்தது, அது ஏட்டில் ஏறாமற் போனதன் காரணம் யாது என்பவற்றைத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க நூல்களில் பன்றியும் புளியும்

பன்றியைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. ஏனம், கேழல், வராகம் முதலியன நிகண்டுகளிலும் இலக்கியங்களிலும் பயில்கின்றன. தொல்காப்பிய மரபியல், ஆண் யானைக்கு உரிய களிறு என்னும் பெயரை ஆண் பன்றிக்கும் வழங்கலாம் என்கிறது. பிணவு என்னும் பெண்பாற் பெயரைப் பன்றி, புல்வாய், நாய் ஆகிய மூன்றற்கும் உரியதாக்குகிறது. ஒரு விலங்கின் ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் இலக்கண நூல் தனித்தனியே பெயர் வகுக்கிறது என்றால், அவ்விலங்கு மக்கள் வாழ்வோடு நெருங்கியிருந்தது என்பது பெறப்படும்.

காட்டுப் பன்றி தினைப்புனத்தின் பகையாகவும், வீட்டுப் பன்றி ஊரின் ஓர் உறுப்பாகவும் சங்கப் பாடல்களில் காட்டப்படுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியைக் கூறுமிடத்து, குட்டிகளையுடைய பன்றிகளையும் பலவகைக் கோழிகளையும் உறைக்கிணறுகளையும் ஒருங்கே குறிக்கிறது. பெருந்துறைமுக நகரின் விளிம்பில் உழைக்கும் மக்கள் குடியிருப்பும், அங்கே பன்றியும் கோழியும் வளர்தலும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழிற் பதிவாகியுள்ளமை நோக்கத்தக்கது.

அதே புலவர் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. கள் அடும் மகளிர் ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டி வளர்க்கின்றனர். அதன் கொழுத்த ஊன் கள்ளோடு பாணர்க்கு விருந்தாகிறது. இது வேட்டையாடிக் கிடைத்த ஊன் அன்று; சுவைக்காகத் திட்டமிட்டுக் கொழுக்க வைத்த ஊன். இன விருத்தியினின்று விலக்குதல், இயக்கத்தைக் குறைத்தல், தானிய உணவு ஊட்டுதல் என்னும் மூன்றும் கொழுப்பைப் பெருக்கும் வழிகள். ஊனின் தரம் தீனியைப் பொறுத்தது என்ற அறிவு அக்காலத் தமிழரிடம் இருந்ததை இது தெளிவாக்குகிறது.

புறநானூற்று 379ஆம் பாடலில், ஓய்மான் வில்லியாதனின் கொடையைப் பாடும் புறத்திணை நன்னாகனார், ஆண் பன்றியின் கொழுப்பை நெய்யாக உருக்கிக் காலைச் சோற்றோடு வழங்குதலைக் குறிக்கிறார். இங்குப் பன்றிக் கொழுப்பு ஆவின் நெய்க்கு இணையான மதிப்பைப் பெற்றிருக்கிறது.

இனிப் புளிப்பை நோக்கலாம். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், எயிற்றியர் சமைத்த, இனிய புளிப்புடைய சூடான சோறும், சுட்ட ஆமான் இறைச்சியும் ஒருங்கே பரிமாறப்படுகின்றன. மலைபடுகடாம் கூறும் மலைநாட்டு விருந்தில் கடமான், முளவுமான் ஆகியவற்றின் ஊனோடு, நன்கு பழுத்த புளியம்பழத்தின் இனிய புளிப்பும் மோரும் மூங்கிலரிசிச் சோறும் சேர்கின்றன. அதே நூலின் மற்றோரிடத்தில், வழியில் ஏனம் கிடைப்பின் மூங்கிற் காட்டுத் தீயில் மயிர் போகப் புகைநாற்றம் ஏறாமல் வாட்டி உண்ணுமாறு கூத்தர்க்கு அறிவுரை கூறப்படுகிறது. புகை நாற்றத்தை ஒரு குறையாகக் கருதியமை அக்காலச் சமையல் நுண்ணுணர்வுக்குச் சான்றாகும்.

புளியைக் கூறும்போது அதனை வெறும் புளிப்பென்னாது இனிமையோடு கூட்டியே புலவர் கூறுதல் கருதத்தக்கது. காய்ப்பருவத்துப் புளியில் டார்டாரிக் அமிலமே மேலோங்கி நிற்கும். பழுத்த புளியில் சருக்கரையும் மிகும். எனவே புளிப்பும் இனிப்பும் கலந்த பழச்சுவையை ஊனோடு இணைத்தல் தமிழ்நிலத்தில் சங்க காலத்திலேயே அறியப்பட்டிருந்தது எனலாம். எனினும் பன்றியூனும் பழப்புளியும் ஒரே கலத்தில் கூடியதாக மேற்கண்ட பாடல்கள் கூறவில்லை. ஒரே நூலின் இரு வேறிடங்களில் அவை நிற்கின்றன. அவ்விரண்டும் வெளிப்படையாகக் கூடுவதைக் காண மேலைக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

கல்வெட்டும் வழிபாடும்

பக்தி இயக்கத்துக்குப் பின் கோயிலமுது பற்றிய பதிவுகள் பெருகின. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளில் புளிங்கறி, பொரிக்கறி, புழுக்குக்கறி முதலியன இறைவனுக்குப் படைக்கும் கறியமுதுகளாகக் குறிக்கப்படுகின்றன. புளிச்சுவை கோயிலுக்குள் சென்றது. ஊன் வெளியே நின்றது. கல்லில் வெட்டப்பட்ட உணவே வரலாறாக எஞ்சும் என்பதால், எழுத்துச் சான்றில் தமிழர் உணவு மரக்கறி உணவாகத் தோற்றமளிக்கத் தொடங்கியது இக்காலத்திலிருந்தே எனலாம்.

எழுத்தில் நின்றுபோன பன்றி வழிபாட்டில் தொடர்ந்தது. தென்பாண்டிச் சீமையில் சுடலைமாடன் கொடைவிழாவில் பன்றிப் பலி கொடுத்தல் அறியப்பட்ட வழக்கமாகும். என்றி வைட்ஹெட் 1916இல் வெளியிட்ட தென்னிந்திய ஊர்த் தெய்வங்கள் பற்றிய ஆங்கில நூலும் பன்றிப் பலிகளைப் பதிவு செய்கிறது. பலியான விலங்கின் ஊன் ஊரார்க்குப் பங்கிடப்படும். பங்கு பெறுதல் உறவின் அடையாளம். உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1950இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு 2003இல் ஆணையிடப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது; 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. உணவும் வழிபாடும் பிரிக்க இயலாதவை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

போர்த்துக்கீசியர் வரவும் காடியும்

1534ஆம் ஆண்டு வசை உடன்படிக்கையின்படி குசராத்துச் சுல்தான் பகதூர்ஷா, வசையையும் மும்பைத் தீவுகளையும் போர்த்துக்கீசியர்க்கு அளித்தார். 1661இல் இரண்டாம் சார்லசுக்கும் பிரகான்சா காதரினுக்கும் நிகழ்ந்த திருமண ஒப்பந்தத்தால் மும்பைத் தீவு ஆங்கில அரசுக்குச் சென்றது. 1668இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. மாகிம் கழிமுகத்துக்கு அப்பால் இருந்த சால்செட்டுத் தீவு மட்டும் மராட்டியர் படையெடுத்த 1737 வரை போர்த்துக்கீசியரிடமே இருந்தது. வசைக் கோட்டை 1739இல் வீழ்ந்தது. இரு நூற்றாண்டுக் காலத் தொடர்பில் கத்தோலிக்கம் தழுவிய வட கொங்கண மக்கள், 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டித் தம்மைக் கிழக்கிந்தியர் என்று அழைத்துக்கொண்டனர். பெயர் கும்பினியை நினைவூட்டினாலும் இவர்கள் மண்ணின் மைந்தர்களே. மராத்தியின் ஒரு வழக்கைப் பேசுபவர்கள்.

இச்சமூகத்தாரும் கோவா மக்களும் விழா நாள்களில் சமைக்கும் பன்றியிறைச்சி வகைகளுள் விந்தாலு, சொர்ப்போத்தல் ஆகிய இரண்டும் புகழ் பெற்றவை. விந்தாலு என்பது திராட்சை மதுவும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த இறைச்சியைக் குறிக்கும் போர்த்துக்கீசியத் தொடரின் மரூஉ ஆகும். நெடுங் கடற்பயணத்தில் இறைச்சி கெடாதிருக்க மாலுமிகள் கையாண்ட முறை இது. இந்தியக் கரையில் திராட்சைக் காடி அரிதாகையால் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடி அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த மிளகாய் காரத்தைத் தந்தது; வெல்லம் காடியின் கூர்மையைத் தணித்தது. பெரும்பாணாற்றுப்படையில் கள்ளுக்குத் துணையாக நின்ற பன்றியூன், கொங்கணத்தில் கள்ளின் காடியிலேயே ஊறத் தொடங்கியது.

இக்கலப்பின் தடயங்கள் தமிழ்ச் சொற்களிலும் உள்ளன. அன்னாசி என்னும் சொல் தென் அமெரிக்கத் துப்பி மொழியிற் பிறந்து போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழை அடைந்தது. பப்பாளியும் அவ்வழியே வந்ததாகும். ஊறுபொருளை அடைக்கும் பீப்பாய், புளிக்காடியைக் குறிக்கும் வினாகிரி ஆகியனவும் போர்த்துக்கீசிய மூலம் உடையன. மிளகாயோ, மிளகு போன்று உறைக்கும் காய் எனப் பழஞ்சொல்லைக் கொண்டே பெயர் பெற்றது. முத்துக்குளித்துறையில் 1530களிலேயே போர்த்துக்கீசியத் தொடர்பு ஏற்பட்டுவிட்டமையால், பிற்காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மும்பைக்குச் சென்ற தமிழர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. இரு வேறு கரைகளில் ஒரே கடலாட்சி விட்டுச்சென்ற சொற்கள் மும்பையின் அடுக்களைகளில் மீண்டும் சந்தித்தன எனலாம்.

கொங்கணத்தின் பழப்புளி

கொங்கணத்துக்கே உரிய புளிப்புப் பழம் கோகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் வளரும் இம்மரத்தின் செந்நீலப் பழத்தோலை அதன் சாற்றிலேயே பலமுறை தோய்த்து வெயிலில் உலர்த்துவர். உலர்ந்த தோலுக்கு மராத்தியில் ஆம்சூல் என்று பெயர். கேரளத்துக் குடம்புளியும் குடகுக் கச்சம்புளியின் மூலமும் இதன் உறவினங்களே. குடகர் அப்பழச்சாற்றைக் கரிய குழம்பாகும்வரை காய்ச்சி வைத்துக்கொண்டு பன்றிக்கறியின் இறுதியில் சேர்ப்பர். கோவாவில் கோகத்தோல் இட்டுச் சமைக்கும் பன்றிக்கறியும் உண்டு.

கோகத்தைப் பற்றிய பழைய ஐரோப்பியக் குறிப்பு கார்சியா த ஒர்த்தாவினுடையதாகும். மருத்துவரான அவர் 1563இல் கோவாவில் அச்சிட்ட மூலிகை உரையாடல் நூலில் இப்பழத்தின் கடும் புளிப்பையும், அதன் தோல் காடி செய்யப் பயன்படுதலையும் குறிக்கிறார். மும்பைத் தீவையே குத்தகைக்குப் பெற்றிருந்தவர் அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. எனவே மும்பையின் குத்தகையாளர் ஒருவரே கொங்கணப் பழத்தைக் காடிக்கு மாற்றாக எழுத்தில் வைத்தார்.

மராட்டிய மரக்கறிச் சமையலிலும் ஆம்சூலும் வெல்லமும் சேர்ந்த பருப்புக் குழம்பு நாளுணவாகும். ஆகவே புளிப்பினிப்பு ஒரு சமயத்துக்கோ ஒரு சாதிக்கோ உரியதன்று. ஊன் உண்போரும் உண்ணாதோரும் ஒரே சுவையிலக்கணத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். வேறுபடுவது அச்சுவை ஏறும் பொருள் மட்டுமே.

மும்பையின் மூன்று தமிழ்ப் பகுதிகள்

தாராவி கோலி மீனவர் வாழ்ந்த சிற்றூராக இருந்தது. அருகிலிருந்த பாந்திரா இறைச்சிக்கூடத்தின் தோல்களைப் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வேரூன்றியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து முசுலிம்களும் ஆதிதிராவிடர்களும் அதில் ஈடுபட்டனர். பின்னர் நாடார் முதலிய பிற சமூகத்தாரும் கிறித்தவர்களும் வந்து சேர்ந்தனர். சௌராட்டிரக் குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். தொண்ணூறடிச் சாலையும் குறுக்குச் சாலையும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பும் தமிழ் ஒலிக்கும் இடங்களாயின. ஒரே சந்தில் பன்றியூன் உண்பாரும், சமய நெறியால் அதனை விலக்குவாரும், எவ்வகை ஊனும் உண்ணாதாரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பத்தடி அறையில் சமைக்கும் குடும்பத்துக்கு மணத்தை மறைக்க வழியில்லை. ஆகவே எதனை, என்று, யார் அறியச் சமைப்பது என்பது சுவை சார்ந்த முடிவு மட்டுமன்று. அண்டை வீட்டாரோடு கொண்ட உறவு சார்ந்த முடிவுமாகும்.

மாட்டுங்கா வேறுபட்ட வரலாறுடையது. 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டு விரிவாக்கியது. அலுவலகப் பணிக்கு வந்த தமிழ்ப் பிராமணர்களும் பாலக்காட்டுத் தமிழர்களும் அங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1940களில் தொடங்கிய உணவகங்கள் மாட்டுங்காவை மும்பையின் தென்னிந்திய உணவு மையமாக்கின. புளியிஞ்சி, வெல்லமிட்ட மாங்காய்ப் பச்சடி ஆகியன இங்குள்ள இல்லங்களில் புளிப்பினிப்பின் வடிவங்களாகும். மும்பையில் தமிழுணவு என்றவுடன் பிற மொழியினர் மனத்தில் தோன்றுவது மாட்டுங்காவின் உணவே. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையிலுள்ள தொலைவு நடந்து கடக்கக்கூடியதே. ஆயினும் ஒன்றின் உணவு மற்றொன்றின் உணவைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது.

செம்பூரில் இவ்விரு போக்குகளும் அருகருகே காணப்படுகின்றன. தமிழர் நிறுவிய திருச்செம்பூர் முருகன் கோயில் செட்டா நகரில் உள்ளது. நடுத்தர வகுப்புத் தமிழர் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர். இங்கேயே பழைய ஊர்ப்பகுதியில் கிழக்கிந்தியக் கத்தோலிக்கர் குடியிருப்பும் உண்டு. செம்பூரை அடுத்த தேவநாரில் 1971இல் மாநகராட்சியின் புதிய இறைச்சிக்கூடம் செயற்படத் தொடங்கியது. பாந்திராக் கூடத்தின் இடத்தை அது பெற்றது. பன்றிக்கெனத் தனிப் பிரிவும் அதில் ஏற்படுத்தப்பட்டது. இறைச்சிக்கூடம் இடம் மாறியதோடு தாராவித் தோல் தொழிலின் மூலப்பொருள் வழியும் மாறியது. ஒரு நகரத்தின் இறைச்சி எங்கு வெட்டப்படுகிறது என்பது எவர் எங்கு வாழ்வர் என்பதையும் முடிவு செய்கிறது என்பதற்குத் தாராவியும் தேவநாரும் தக்க சான்றுகளாகும்.

சமையல் நுட்பம்

புளிப்பினிப்புப் பழச்சாறு பன்றியூனுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பன்றியின் கொழுப்பு நாவில் படிந்து சுவை உணர்வை மந்தமாக்கும். அமிலம் உமிழ்நீரைச் சுரக்கச் செய்து அப்படிவை நீக்கும். அமிலம் இறைச்சியின் மேற்பரப்புப் புரதத்தைத் தளர்த்தும். ஆனால் ஆழச் செல்லாது. ஆகவே நெடுநேரம் மிகு புளிப்பில் ஊறவைத்தால் மேற்புறம் மாவுபோலாகி உட்புறம் மாறாதிருக்கும். உப்பே உள்ளே ஊடுருவுவது. எனவே உப்பு முதலிலும் புளி அளவாகவும் சேர்தல் முறையாகும்.

இனிப்பின் பணி வேறு. வெல்லமும் பழச்சருக்கரையும் வெப்பத்தில் பாகாகி இறைச்சியின்மேல் மினுமினுப்பான போர்வையாகப் படியும். இறைச்சிப் புரதமும் சருக்கரையும் உயர் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும். ஆனால் சருக்கரை விரைவில் கருகுமாதலால் பாகை முதலிலேயே பூசக்கூடாது. விலா எலும்புத் துண்டங்களின் கொழுப்போரத்தை முதலில் இரும்புக் கல்லில் அழுத்தி உருக்கி, இருபுறமும் சிவக்கவிட்டு, சிறிது நீர் தெளித்து மூடி முற்றும் வேகவைத்தபின், இறுதிச் சில நிமிடங்களில் பாகைப் பூசித் திருப்புவதே தக்கது. ஒரு கிலோ துண்டங்களுக்குப் பத்துக் கோகத்தோல்களை ஒரு குவளை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்த சாறும், எழுபது கிராம் அளவு வெல்லமும், பூண்டும் மிளகும் போதும். அச்சாறு கரண்டியின் பின்புறத்தில் படியுமளவு சுண்ட வேண்டும். கோகம் கிடைக்காவிடத்துப் பழம்புளியோ அன்னாசிச் சாறோ அப்பணியைச் செய்யும். அன்னாசியைப் பச்சையாகச் சேர்ப்பின் அதிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி ஊனைக் குழையச் செய்துவிடும். கொதிக்கவைத்துச் சேர்ப்பின் அவ்வாற்றல் நீங்கும்.

புளிப்புப் பண்டத்தைச் சமைக்கும் கலமும் கருதத்தக்கது. ஈயம் பூசாத செம்பும் பித்தளையும் அமிலத்தோடு வினைபுரிந்து களிம்பேற்றும். மண்சட்டியில் அக்குறை இல்லை. தென்னாட்டிலும் கொங்கணத்திலும் புளிக்கறிக்கு மண்சட்டியை விரும்புவதன் காரணம் இதுவே. அவ்வகைச் சட்டிகளை வனையும் கும்பார்வாடா தாராவிக்குள்ளேயே இருத்தல் ஒரு பொருத்தமாகும்.

தூய்மை பற்றிய கருத்தும் நோயும்

பன்றியூன் விலக்கப்படுவதற்குச் சமயநெறி ஒரு காரணம்; அது அந்தந்தச் சமயத்தார் தாமே ஏற்றுக்கொண்ட ஒழுக்கம். மற்றொன்று, அசுத்தம் என்னும் குற்றச்சாட்டு. இது பன்றியினின்று பன்றியை உண்பவர்மீது ஏற்றப்பட்டுச் சாதி இழிவாக மாற்றப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் ஆய்வாளர் கடமையாகும்.

பன்றி நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி இதனைத் தெளிவுபடுத்தும். சரியாக வேகாத ஊனை உண்பதால் மனிதக் குடலில் நாடாப்புழு வளரும். அப்புழுவின் முட்டைகள் மனித மலத்தில் வெளிப்பட்டு, நீர் வழியும் கைவழியும் வாயை அடையும்போதுதான் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் கொடிய வடிவம் தோன்றுகிறது. ஆகவே பன்றியூனைத் தொடாதவருக்கும் அந்நோய் வரக்கூடும். பன்றிக்கு அப்புழு வருவதும் திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தை அது உண்பதாலேயாகும். குற்றம் விலங்கினுடையதன்று, கழிப்பறையும் வடிகாலும் இன்மையின் விளைவே அது. அவற்றை ஏற்படுத்தாத நகர நிருவாகத்தின் குறை, அவை கிட்டாத மக்களின் இழிவாகக் காட்டப்பட்டது.

முற்றும் வேகவைத்தல் இப்புழுவை அழிக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011இல் முழுத்துண்டப் பன்றியூனின் உள்வெப்பம் 63 செல்சியசு பாகை அடைந்து மூன்று நிமிடம் ஆறவிட்டாற் போதுமென வரையறுத்தது. அது கண்காணிக்கப்பட்ட பண்ணை வளர்ப்புக்குப் பொருந்துவது. மேய்ந்து திரியும் நாட்டுப் பன்றியின் ஊனை நடுவில் செந்நிறம் சிறிதுமின்றி வேகவைக்கும் நம் நாட்டு வழக்கம் அறிவுடையதே.

ஏட்டில் ஏறாத அடுக்களை

அச்சேறிய தமிழ்ச் சமையல் நூல்களுள் பெரும் செல்வாக்குப் பெற்றது எசு. மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' ஆகும். மரக்கறிச் சமையலை அளவோடும் முறையோடும் கூறும் அந்நூல், புலம்பெயர்ந்த இல்லங்களில் தாய்வீட்டு அறிவின் இடத்தை நிரப்பியது. அதன் தகுதி குறைத்து மதிப்பிடற்குரியதன்று. ஆயினும் எழுதப் படிக்கும் வாய்ப்பும், அளவுக் கருவியும், அச்சகத் தொடர்பும் எவர்க்கு வாய்த்தனவோ அவர்தம் உணவே தமிழர் உணவென நிலைபெற்றது என்பதும் உண்மை. தாராவியின் அடுக்களையில் கைப்பக்குவம் வாய்மொழியாகவே வழங்கிற்று. சமைத்தவரோடு அது மறைவதும் உண்டு.

மராத்தியில் இக்குறையை நீக்கும் முயற்சி நடந்துள்ளது. சாகு பட்டோளே 2015இல் வெளியிட்ட நூல் மராத்துவாடாவின் தலித் சமூகங்களுடைய உணவு முறைகளைச் சமையற் குறிப்புகளோடு பதிவு செய்தது; அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024இல் வந்தது. அவ்வகைப் பதிவு மும்பைத் தமிழர்க்கும் தேவை. 2015ஆம் ஆண்டு மராட்டிய விலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் காளை, எருது ஆகியவற்றை வெட்டுவதையும் தடை செய்தபின் ஏழை எளியோர்க்குக் கிடைக்கும் இறைச்சி வகைகள் சுருங்கியுள்ளன. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கான ஏலம் 2022இல் முடிவுற்று, பழைய குடியிருப்புகள் அடுக்குமாடிகளாக மாறவிருக்கின்றன. குடியிருப்பு மாறும்போது அண்டை வீடு மாறும், அடுப்பு மாறும், சட்டி மாறும். பலர் கூடிப் பங்கிட்டுச் சமைக்கும் பன்றிக்கறி போன்ற உணவு முதலில் மறையும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. பன்றியை மாவூட்டிக் கொழுக்கவைத்து விருந்துணவாக்கும் முறையும், ஊனோடு பழம்புளியின் புளிப்பினிப்பைக் கூட்டும் முறையும் சங்க நூல்களில் தனித்தனியே பதிவாகியுள்ளன.

2. அவ்விரண்டும் ஒரே கலத்தில் கூடிய வடிவம் மேலைக் கடற்கரையில், போர்த்துக்கீசியர் கொணர்ந்த காடி முறையும் உள்நாட்டுத் தென்னங்கள், கோகம், வெல்லம் ஆகியவையும் இணைந்ததால் வளர்ந்தது.

3. மும்பையில் தமிழ் மரக்கறி மரபு, தமிழ் ஊனுணவு மரபு, கிழக்கிந்தியர், கோவர் மரபு ஆகியன நடந்து செல்லும் தொலைவில் வாழ்ந்தும், முதலாவது மட்டுமே தமிழுணவு என்னும் பெயரைப் பெற்றது.

4. பன்றியூன் மீதான இழிவுக் கருத்து, குடிநீர், கழிப்பறை வசதியின்மையை மக்களின் குற்றமாக மாற்றிக் காட்டியதன் விளைவாகும். சமய ஒழுக்கத்தோடு அதனைக் குழப்புதல் பொருந்தாது.

5. தாராவியின் மறுவளர்ச்சி முடிவடையுமுன், அங்குள்ள முதியோரிடமிருந்து ஊனுணவுப் பக்குவங்களையும் அவற்றுக்குரிய சொற்களையும் களஆய்வின் வழித் தொகுத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

பாணர்க்கும் கூத்தர்க்கும் வழிகாட்டிய ஆற்றுப்படை நூல்கள், எந்நிலத்தில் எவர் எவ்வுணவை அளிப்பர் என்பதை உயர்வு தாழ்வு கருதாது பதிவு செய்தன. கள் அடும் மகளிரின் பன்றியூனும் அந்தணர் இல்லத்து மரக்கறி உணவும் பெரும்பாணாற்றுப்படை என்னும் ஒரே நூலில் இடம்பெற்றன. அவ்விரிந்த பார்வையை இன்றைய உணவு வரலாற்று ஆய்வும் மேற்கொள்ளுமாயின், தமிழர் அடுக்களையின் முழு வரலாறு எழுதப்படும்.